வெறும் இடத்துக்கும் கணக்கு உண்டு: பொதுச் சைக்கிள் நிலையம் எப்படி வேலை செய்கிறது?

எங்கள் மாமா ஒருவர் அரசடிப் பக்கம் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்தவர். பத்துச் சைக்கிள், ஒரு கொப்பி, சுவரில் ஒரு மணிக்கூடு. கடை அவ்வளவுதான். சைக்கிளைக் கொண்டுபோகிறவரின் பெயரையும் நேரத்தையும் கொப்பியில் எழுதுவார். திரும்பி வந்ததும் மணிக்கூட்டைப் பார்த்துக் காசு வாங்குவார். மட்டக்களப்பு டவுனுக்குள் பொதுச் சைக்கிள் திட்டம் வரவேண்டும் என்று வீட்டில் யாராவது பேச்செடுத்தால் மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிடும். "அதை நான் சூறாவளிக்கு முந்தியே செஞ்சிட்டன் மனே" என்பார். சூறாவளி என்றால் எங்கள் ஊரில் ஒன்றுதான், 1978.

மாமா செய்தது வேறு வேலை. அது அவருக்கு மட்டும் விளங்காத விசயமும் அல்ல. தேநீர்க் கடையிலும் முகப்புத்தகத்திலும் இதைப் பற்றிப் பேசுகிற பலர், "காந்திப் பூங்காவுக்கு முன்னால இருபது சைக்கிளை நிப்பாட்டினாச் சரிதானே" என்று முடித்துவிடுகிறார்கள். இருபது சைக்கிளை நிப்பாட்டுவது சுலபம். அதற்குப் பெயர் பொதுச் சைக்கிள் திட்டம் இல்லை என்பதுதான் சிக்கல்.

கடைக்கும் திட்டத்துக்கும் என்ன வித்தியாசம்?

மாமாவின் கடையில் எடுத்த சைக்கிளை மாமாவின் கடைக்கே கொண்டுவர வேண்டும். வாவிக்கு அப்பால் இருக்கிற கல்லடிக்கு ஒரு அலுவலாகப் போய் அங்கே நாலு மணித்தியாலம் நின்றால், அந்த நாலு மணித்தியாலமும் சைக்கிள் வேலியோரம் சும்மா சாய்ந்து கிடக்கும். காசு மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்.

பஸ்ஸில் அப்படியா? கல்லடியில் இறங்கியதும் அந்த பஸ் எங்கே போனது, யாரை ஏற்றியது என்று நாம் யோசிப்பதில்லை. திரும்பும்போது வேறொரு பஸ் வரும். பொதுச் சைக்கிளும் இதே மாதிரித்தான். ஓரிடத்தில் எடுத்து, போகவேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு நடையைக் கட்டலாம். நீங்கள் விட்டதை அடுத்த பத்து நிமிடத்தில் இன்னொருவர் எடுத்துக்கொண்டு போவார். ஒரே சைக்கிள் ஒரு நாளில் நாலு பேருக்கும் உதவும், எட்டுப் பேருக்கும் உதவும்.

சைக்கிளை எடுக்கவும் விடவும் இருக்கிற அந்த இடத்தைத்தான் நிலையம் என்கிறோம். நிலையத்தில் ஒவ்வொரு சைக்கிளும் தனித்தனியாகப் போய்ப் பூட்டிக்கொள்கிற கம்பம் அல்லது பிடி இருக்கும். ஆங்கிலத்தில் டொக் என்பார்கள். இந்தக் கட்டுரையில் அதைப் பூட்டிடம் என்று சொல்கிறேன்.

பூட்டு ஏன் வேண்டும்?

1965-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் புரோவோ என்ற இளைஞர் கூட்டம் சில சைக்கிள்களுக்கு வெள்ளைச் சாயம் பூசி, பூட்டில்லாமல் தெருவில் விட்டது. யாரும் எடுக்கலாம், எங்கும் விடலாம். சைக்கிளைப் பூட்டாமல் விடுவது குற்றம் என்று பொலிஸ் அவற்றைத் தூக்கிக்கொண்டு போனது. மிஞ்சியவை களவு போயின.

1995-இல் கோப்பன்ஹேகன் நகரம் 20 குரோனர் நாணயம் ஒன்றைப் போட்டால் சைக்கிள் கழலும்படி செய்தது. திரும்பப் பூட்டினால் நாணயம் கைக்கு வரும். ஆனால் நாணயத்துக்குப் பெயர் கிடையாதே. எடுத்தவர் யார் என்று யாருக்கும் தெரியாது, அதனால் அங்கேயும் சைக்கிள்கள் காணாமல் போயின. 1998-இல் பிரான்சின் ரென் நகரம் நாணயத்தை விட்டு அட்டைக்கு மாறியது. அட்டை என்றால் ஆள் யார் என்று தெரியும், எப்போது எடுத்தார் என்றும் தெரியும். மாமாவின் கொப்பியும் மணிக்கூடும் பூட்டுக்குள் புகுந்துகொண்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். 2005-இல் லியோன், 2007-இல் பரிஸ் என்று பெரிய நகரங்கள் இதை எடுத்துக்கொண்டது அதற்குப் பிறகுதான். பரிஸ் தொடங்கும்போதே ஏறத்தாழ 750 நிலையங்களோடு தொடங்கியது. அந்த எண்ணிக்கை ஏன் முக்கியம் என்று கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

நிலையமே இல்லாத முறையும் உண்டு. பூட்டு சைக்கிளிலேயே இருக்கும், கைபேசியால் திறந்து, விரும்பிய இடத்தில் விட்டுவிடலாம். 2016, 2017 காலத்தில் சீன நகரங்களில் இப்படி இலட்சக்கணக்கான சைக்கிள்கள் இறங்கின. பிறகு நடைபாதைகளில் மலைமலையாகக் குவிந்து கிடந்தன. எங்கள் டவுன் தெருக்களின் நடைபாதையைத் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் நான் விளக்கத் தேவையில்லை.

பாதை அக்கரையில் நின்றால்

இனித்தான் விசயத்தின் நடுவுக்கு வருகிறோம். குருமண்வெளித் துறையில் மண்டூருக்குப் போகப் பாதைக்குக் காத்து நின்றிருக்கிறீர்களா? வெளியூர் ஆட்களுக்கு: பாதை என்றால் இங்கே தெரு இல்லை, வாவியைக் கடக்கிற மிதவை. நாம் துறைக்கு வருகிற நேரம் பாதை அக்கரையில் நின்றால் ஒன்றும் செய்ய ஏலாது. துறை இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, பாதையும் இருக்கிறது. ஆனால் நமக்கு வேண்டிய கரையில் இல்லை.

சைக்கிள் நிலையத்திலும் இதுவே நடக்கும். ஊர் முழுக்க நூறு சைக்கிள் இருந்தாலும் நீங்கள் நிற்கிற நிலையம் காலி என்றால் உங்களைப் பொறுத்தவரை திட்டமே இல்லை.

பாதைக்கு வராத இன்னொரு வில்லங்கமும் சைக்கிளுக்கு வரும். நீங்கள் போய்ச் சேர்கிற நிலையத்தில் எல்லாப் பூட்டிடங்களும் நிறைந்திருந்தால்? சைக்கிள் கையில் இருக்கிறது, விட இடமில்லை. அடுத்த நிலையத்துக்கு மிதித்துப்போய் விட்டுவிட்டு, வந்த வழியே நடந்துவர வேண்டும். இதற்கிடையில் நேரக் கணக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். நிலையம் காலி என்றால் பயணம் தொடங்கமுன்னரே தெரிந்துவிடும், ஒரு ஓட்டோவைப் பிடிக்கலாம். நிலையம் நிறைந்திருப்பது பயணத்தின் முடிவில்தான், அதுவும் வேலைக்குப் பிந்துகிற நேரத்தில்தான் தெரியவரும். அப்படி இரண்டு தரம் அகப்பட்டவர் மூன்றாம் தரம் சைக்கிளைத் தொடமாட்டார். என்னைக் கேட்டால், இரண்டில் மோசமானது நிறைந்த நிலையம்தான். சைக்கிளை மட்டும் எண்ணுகிறவர்களின் கண்ணுக்கு இது படுவதே இல்லை.

சுருக்கிச் சொன்னால், ஒரு நிலையம் சரியாக வேலை செய்ய எடுப்பதற்குச் சைக்கிளும் வேண்டும், விடுவதற்கு வெறும் பூட்டிடமும் வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும்.

சங்கீதக் கதிரை, தலைகீழாக

சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டு விழாவில் சங்கீதக் கதிரை ஆடியிருப்பீர்கள். பத்துப் பேர், ஒன்பது கதிரை. பாட்டு நின்றதும் ஒருவர் வெளியே. கதிரை குறைவாக இருப்பதால்தான் அது விளையாட்டு.

சைக்கிள் திட்டத்தில் கதிரை குறைந்தால் விளையாட்டல்ல, வினை. நூறு சைக்கிளுக்கு நூறு பூட்டிடம் போட்டால், ஒருவர் சைக்கிளை எடுக்கும்போது அவர் எடுத்த இடம் மட்டும்தான் வெறுமையாகும், போய்ச் சேர்கிற இடத்தில் விட இடம் கிடைப்பது அரிது. நூற்றிருபது போட்டாலும் நெருக்கடிதான், ஏனென்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம்தான் போவார்கள். ஐ.டி.டி.பி. என்கிற போக்குவரத்துக் கொள்கை நிறுவனம் 2013-இல் வெளியிட்ட திட்டமிடல் வழிகாட்டி, ஒரு சைக்கிளுக்கு 2 முதல் 2.5 பூட்டிடம் வரை வேண்டும் என்கிறது. அதாவது எந்த நேரத்திலும் குறைந்தது பாதிப் பூட்டிடங்களாவது வெறுமையாக நிற்கவேண்டும்.

இதைத்தான் பொதுமக்களுக்கு விளக்குவது கஷ்டம். தெருவால் போகிறவர் பாதி வெறுமையான நிலையத்தைப் பார்த்து, "இஞ்ச பாருங்க, சைக்கிளும் இல்ல, காசைக் கொண்டுபோய் வாவிக்குள்ள கொட்டிட்டானுகள்" என்பார். நியாயமான கோபம் மாதிரித்தான் கேட்கும். ஆனால் அந்த வெறும் இடம் வேறு ஒருவருக்காக ஒதுக்கி வைத்த கதிரை. அவர் இப்போது பாலத்தில் மிதித்துக்கொண்டு வருகிறார்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு சைக்கிள் என்றால் ஏறத்தாழ 225 பூட்டிடம். ஒரு நிலையத்துக்குப் பதினைந்து என்று பிரித்தால் 15 நிலையம். இந்தப் பதினைந்தை எவ்வளவு தூரத்துக்கு விரிக்கலாம்?

முந்நூறு மீற்றர்

இங்கேதான் எல்லாரும் பிழை விடுகிறார்கள். பதினைந்து நிலையம் கையில் இருந்தால் ஏறாவூருக்கு ஒன்று, காத்தான்குடிக்கு ஒன்று, ஆரையம்பதிக்கு ஒன்று, வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்கு ஒன்று என்று எல்லாரையும் சந்தோசப்படுத்தப் பார்ப்போம். சீனி வியாதிக்காரரின் தேநீர் மாதிரி, ஒரு கோப்பையிலும் இனிப்பு இருக்காது.

நிலையத்துக்கு நடந்துதான் போகவேண்டும். கச்சான் காற்று அனல் வீசுகிற வைகாசி, ஆனி மாதத்தில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு எவ்வளவு தூரம் நடப்பீர்கள்? அந்த வழிகாட்டியின்படி நிலையத்துக்கு நிலையம் 300 மீற்றர் அளவில் இருக்கவேண்டும். நடந்தால் நாலு நிமிடம். நீங்கள் இரண்டுக்கும் நடுவில் நின்றால் அதிலும் பாதி. இந்த நெருக்கத்தைத்தான் அடர்த்தி என்கிறார்கள். சதுரக் கிலோமீற்றருக்கு 10 முதல் 16 நிலையம் வரை. நெருக்கத்தால் இன்னொரு நன்மையும் உண்டு. ஒரு நிலையம் நிறைந்திருந்தாலும் அடுத்தது கூப்பிடு தூரத்தில் இருக்கும்.

ஆகவே நம்முடைய பதினைந்து நிலையமும் ஒன்று, ஒன்றரைச் சதுரக் கிலோமீற்றரோடு முடிந்துவிடும். வாவிக்கு நடுவில் இருக்கிற புளியந்தீவும், பாலத்தைத் தாண்டிக் கோட்டைமுனையில் ஒரு துண்டும். கல்லடிக்கு எட்டாது. இந்தக் கணக்கைச் சொன்னதும் சபையில் இருப்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும், ஆனாலும் கணக்கு கணக்குத்தான். பரிஸ் 750 நிலையத்தோடு தொடங்கியது ஆடம்பரத்துக்காக அல்ல. 2010-இல் தொடங்கிய மெல்பேர்ன் திட்டம் ஐம்பது நிலையம் அளவிலேயே நின்று 2019-இல் மூடப்பட்டது. சியாட்டில் நகரத்தில் 2014-இல் தொடங்கியதும் ஏறத்தாழ அதே அளவுதான், 2017-இல் நின்றுபோனது. இரண்டு ஊரிலும் தலைக்கவசம் கட்டாயம் என்ற சட்டமும் சேர்ந்து ஆட்களை விரட்டியது. எல்லாப் பழியையும் அடர்த்தியின் தலையில் கட்டக்கூடாது.

மட்டக்களப்புக்கு இன்னொரு பொறி இருக்கிறது: வாவி. வரைபடத்தை விரித்து, ஒவ்வொரு நிலையத்தையும் சுற்றி ஒரு வட்டம் கீறினால், கரையோர நிலையங்களின் வட்டத்தில் பாதி தண்ணீருக்குள் விழும். அந்தப் பாதியில் பயணி இல்லை. புளியந்தீவுக் கரையில் நின்றால் எதிர்க்கரைக் கல்லடி கைக்கெட்டும் தூரம் போலத் தெரியும். நடக்கத் தொடங்கினால் கோட்டைமுனைப் பாலம், அரசடி, பிறகு கல்லடிப் பாலம் என்று சுற்ற வேண்டும். அதனால் இந்த ஊருக்குத் திட்டம் போடுகிறவர் காகம் பறக்கிற கோட்டில் தூரத்தை அளக்கக்கூடாது, காலால் அளக்க வேண்டும். பாலங்களின் இரண்டு தலைப்பிலும் நிலையம் கட்டாயம். எல்லா வழியும் அங்கேதான் வந்து முட்டுகிறது. 1924-இல் கட்டிய பழைய கல்லடிப் பாலம், 2013-இல் திறந்த புதுப் பாலம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கும்போதெல்லாம், மிதிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி எந்த ஊரில் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றும்.

காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம்

அடுத்தது ஓட்டம். காலை ஏழிலிருந்து ஒன்பது மணிவரை ஆட்கள் வீட்டிலிருந்து கந்தோர், கடை, வங்கிப் பக்கம் போவார்கள். வீடுகள் உள்ள பகுதி நிலையங்கள் காலியாகும், டவுன் நிலையங்கள் நிறையும். பின்னேரம் ஐந்து மணிக்கு எல்லாம் எதிர்ப்பக்கம். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து கிழக்கே உள்ள எழுவான்கரைக்கு வந்து போகிறவர்களைத் துறையில் நின்று பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை. எந்த ஊருக்கும் இந்த வற்றும் பெருக்கும் உண்டு.

இதைச் சமாளிக்க, நிறைந்த நிலையத்திலிருந்து சைக்கிளை லொறியில் ஏற்றிக் காலியான நிலையத்தில் இறக்குவார்கள். இதன் பெயர் மீள்பங்கீடு. வெளியே தெரியாத வேலை, ஆனால் தினமும் செலவு வைக்கிற வேலை. டீசல், சாரதி, ஏற்றி இறக்க இரண்டு பேர். திட்டம் தொடங்கும்போது சைக்கிளுக்கும் நிலையத்துக்கும் காசு ஒதுக்கி, இதற்கு ஒதுக்காமல் விட்டால் ஆறு மாதத்தில் பல் இளிக்கும்.

பார்சிலோனாவில் மேட்டு நிலங்களிலிருந்து ஆட்கள் சைக்கிளில் கடற்கரைப் பக்கம் உருண்டு இறங்கிவிடுவார்கள், திரும்பி ஏறும்போது பஸ்ஸில் போய்விடுவார்கள். பரிஸ் இதற்கு ஒரு உபாயம் கண்டது. மேட்டில் இருக்கிற நிலையங்களில் கொண்டுபோய் விடுகிறவருக்கு 15 நிமிடம் இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தது. மட்டக்களப்பில் மேடே கிடையாது. அந்த ஒரு தலையிடி மிச்சம்.

லொறியைக் குறைக்க இன்னொரு வழி நிலையத்தை வைக்கிற இடத்திலேயே இருக்கிறது. கந்தோர் மட்டும் உள்ள தெருவில் வைத்தால் காலையில் நிறைந்து பகல் முழுக்கச் சும்மா கிடக்கும். கந்தோருக்குப் பக்கத்தில் சந்தையும், சந்தைக்குப் பக்கத்தில் ரியூசன் வகுப்புகளும் இருந்தால் ஒருவர் விட ஒருவர் எடுப்பார். கலந்த இடத்தில் வைத்த நிலையம் தன்னைத் தானே சமன் செய்துகொள்ளும்.

திருவிழா நாட்களில் எந்தக் கணக்கும் நிற்காது. ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலுக்கு வருகிற சனத்தில் பத்தில் ஒரு பங்கு சைக்கிளில் வந்தாலும் எத்தனை பூட்டிடம் போட்டும் போதாது. அன்றைக்கு ஒரு கயிற்றைக் கட்டி, இரண்டு பேரை நிறுத்தி, வருகிற சைக்கிளைக் கையால் வாங்கிக் கணக்கில் பதிந்து அடுக்கினால் சரி. கோயிலடியில் சைக்கிள் பாதுகாக்கிறவர்கள் காலம் காலமாகச் செய்கிற வேலைதான் இது.

முதல் அரை மணித்தியாலத்துக்குக் காசு குறைவு அல்லது இலவசம், பிறகு ஏறிக்கொண்டே போகும் என்று பல நகரங்களில் விலை வைப்பதும் இந்த ஓட்டத்துக்காகத்தான். ஒருவர் பிடித்து வைத்திருக்கிற சைக்கிள் மற்ற எல்லாருக்கும் இல்லாத சைக்கிள். மாமாவின் கடையில் கூட நேரம் வைத்திருந்தால் மாமாவுக்கு இலாபம். இங்கே அது நட்டம்.

எந்த மூலையில் வைப்பது?

ஒரு கார் நிற்கிற இடத்தில் சுமாராக ஏழு சைக்கிள் நெருக்கி நிற்கும். பதினைந்து பூட்டிடம் என்றால் இரண்டு கார் இடத்துக்குச் சற்று மேல். சைக்கிளைப் பின்னுக்கு இழுத்துத் திருப்பவும் கொஞ்சம் இடம் விட வேண்டும். இதை நடைபாதையிலிருந்து பிய்த்தெடுக்கக் கூடாது என்பது என் கட்சி. நடக்கிறவரிடமிருந்து பறித்து மிதிக்கிறவருக்குக் கொடுப்பதில் என்ன நியாயம்? தெருவோரத்தில் கார் நிற்கிற இடத்தில் இரண்டை எடுத்தால் யாரும் செத்துப்போக மாட்டார்கள்.

சந்திக்குப் பக்கம் நல்லது, நாலு பக்கத்தாலும் வருகிறவருக்குக் கண்ணில் படும். பஸ் நிலையம், புகையிரத நிலையம், வைத்தியசாலை வாசல்களுக்குச் சொல்லவே வேண்டாம். இரவில் தெருவிளக்கு எரிகிற, ஒரு கடையாவது திறந்திருக்கிற இடமாக இருக்க வேண்டும். ஏழு மணிக்கு வகுப்பு முடிந்து வருகிற பெண்பிள்ளை இருட்டு மதிலோரம் போய் அட்டையைத் தேய்த்துக்கொண்டு நிற்க மாட்டாள். நிழலும் வேண்டும், இல்லாவிட்டால் மத்தியானம் இருக்கையில் தோசை சுடலாம். ஆனால் சூரிய மின்தகடு பூட்டிய நிலையமென்றால் அதற்கு வெயில் வேண்டும். மரத்துக்குப் பக்கத்தில், தகடு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைப்பதெல்லாம் இடத்துக்கு இடம் பார்த்துச் செய்கிற வேலை.

மழைத் தண்ணீர் ஓடுகிற கானுக்கு மேல் வைக்கக் கூடாது. கார்த்திகை, மார்கழி மழையில் தண்ணீர் தேங்குகிற தாழ்வான மூலைகளை அந்தந்தத் தெருக்காரரிடம் கேட்டால் விரலால் காட்டுவார்கள். வெளிநாட்டு நிபுணருக்கு அது வரைபடத்தில் தெரியாது. கடற்கரைப் பக்கம் உப்புக்காற்று செயினையும் பூட்டையும் தின்றுவிடும். கல்லடியில் வீட்டு வாசலில் சைக்கிள் வைத்திருக்கிற எவரைக் கேட்டாலும் சொல்வார்.

ஓரிடத்தில் வைத்தது பிழைத்தால்? 2009-இல் மொன்ட்ரியால் நகரம் இதற்கு நல்ல வழி காட்டியது. நிலத்தைத் தோண்டாமல், பாரமான உலோகத் தட்டுகளின் மேல் பூட்டிடங்களைப் பொருத்தி, சூரிய மின்சாரத்தில் ஓடவிட்டது. லொறியில் கொண்டுவந்து இறக்கலாம், சரிவராவிட்டால் தூக்கி வேறு மூலையில் வைக்கலாம். தேர் வருகிற தெருக்கள் உள்ள ஊருக்கு இது தோதான முறை.

யாருக்காக?

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு சைக்கிளாவது இருக்கிறது. 2022-இல் பெற்றோல் வரிசையில் நாள்கணக்காக நின்ற காலத்தில், மூலையில் கிடந்த லுமாலாச் சைக்கிள்களெல்லாம் தூசி தட்டி எழுந்தன. சொந்தச் சைக்கிள் வைத்திருக்கிறவருக்குப் பொதுச் சைக்கிள் தேவையில்லை. அவருக்கு வேண்டியது பூட்டி வைக்க நல்ல இடமும் பயமில்லாமல் மிதிக்க ஒரு ஓரமும்.

பொதுச் சைக்கிள் யாருக்கு என்றால், சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு டவுனுக்கு வந்து இறங்குகிறவருக்கு. கொழும்பு இரயிலில் வந்தவர், செங்கலடியிலிருந்து பஸ்ஸில் வந்தவர், பாசிக்குடாவைப் பார்த்துவிட்டு ஒரு நாள் டவுனில் நிற்கிற சுற்றுலாப் பயணி. பஸ் விட்ட இடத்துக்கும் போகவேண்டிய வாசலுக்கும் நடுவில் கிடக்கிற அந்தக் கடைசித் துண்டு, நடக்கத் தூரம், ஓட்டோவுக்குக் காசு. அதற்குத்தான் இது. ஆகவே முதல் நிலையம் பூங்காவுக்கு முன்னால் அல்ல, பஸ் வந்து நிற்கிற இடத்தில் வரவேண்டும்.

இதெல்லாவற்றையும் மாமாவுக்கு ஒரு பின்னேரம் இருந்து விளங்கப்படுத்தினேன். வெறும் பூட்டிடம்தான் முக்கியம் என்ற இடத்தில் மட்டும் அவர் தலையை ஆட்டினார், பத்துச் சைக்கிளும் வெளியே போன நாட்களில் கடை எப்படி வெறிச்சென்று கிடந்தது என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எல்லாம் சரி மனே, ராவைக்கு அந்த வெறும் இடத்தில கட்டாக்காலி மாடு வந்து படுத்தா மறுகா என்ன செய்வியள்?" என்று கேட்டார். நான் சொன்ன அந்த வழிகாட்டியை வைத்து இதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பூட்டிடக் கம்பங்களுக்கு இடையில் மாடு புகாத இடைவெளிதான் இருக்கும் என்றேன். "அப்ப முன்னால படுக்கும்" என்றார்.